பைலட் படிப்புக்கு மூன்று வழி: எந்தத் தேர்வில், எவ்வளவு செலவழித்த பிறகு மாட்டுவோம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கம் சில வீடுகளில் இதே பேச்சாக இருக்கும்: பிள்ளையை பைலட்டுக்குப் படிக்க வைக்கலாமா, வைப்பதென்றால் எங்கே? உச்சிப்புளி கடற்படைத் தளத்துப் பக்கம் அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. துபாயில் இருக்கிற காக்கா (அண்ணன்) ஒரு வழி சொல்வார், சென்னை ஏஜென்ட் வேறொரு வழி சொல்வார், பாதியில் படிப்பை விட்டுவிட்டு வந்த பையனின் உம்மா எதுவுமே வேண்டாம் என்பார். எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டணத்தையும் மாதக் கணக்கையும்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது தேர்வுகளை. எந்த வழியில் எந்தத் தேர்வு எப்போது வருகிறது, அதில் தேறாமல் போனால் அதற்குள் வீட்டிலிருந்து போயிருக்கும் பணம் எவ்வளவு, இந்த இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எங்கள் சொந்தத்தில் ஒருவன் இங்கேயும் ஒருத்தி வெளிநாட்டிலும் படித்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து விதிகளையும் படிவங்களையும் வரி வரியாகப் படித்ததால் இதை எழுதுகிறேன்.

இந்தியாவிலேயே ஃபிளையிங் ஸ்கூல், வெளிநாட்டில் பறப்பது, ஏர்லைன் நடத்துகிற கேடட் திட்டம், இவைதான் மூன்று வழி. முதலில் மூன்றுக்கும் பொதுவானது. எங்கே படித்தாலும் இந்திய ஏர்லைனில் வேலைக்குச் சேர, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுக்கிற சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமம், கையில் இருக்க வேண்டும். அதற்கு 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் (காமர்ஸ் படித்த பிள்ளைகள் இந்த இரண்டு பாடத்தையும் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனியாக எழுதி முடித்துக்கொள்கிறார்கள்), கிளாஸ் ஒன் மருத்துவச் சான்று, 200 மணி நேரப் பறத்தல். அந்த 200-இல் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும், இரவில் 5 மணி நேரம் பறந்து 10 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும், அதோடு வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நின்று 300 நாட்டிக்கல் மைல் போய் வந்திருக்க வேண்டும். 300 நாட்டிக்கல் மைல் என்றால் சுமார் 555 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் இருக்கிற தூரத்தைவிட அதிகம். எழுத்துத் தேர்வில் நேவிகேஷன் (வழி கணிப்பது), மெட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன்ஸ் (விமான விதிகள்), டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் என்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி.

மெட்டியராலஜி பற்றி ஒரு வார்த்தை. கச்சான் காற்று எப்போது திரும்பும், வாடை எப்போது பிடிக்கும் என்று கடலுக்குப் போகிறவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தத் தாள் அந்நியமாக இருக்காது. கடற்காற்று ஏன் மதியத்துக்கு மேல் வலுக்கிறது, வடகிழக்குப் பருவத்தில் மேகம் எப்படிக் கூடுகிறது என்பதை அவர்கள் உடம்பால் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நேவிகேஷன்தான் நிறையப் பேரை உட்கார வைக்கிறது, அதற்குத் தனியாக மாதங்கள் ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவம். பலர் இதைச் சடங்கு மாதிரி நினைக்கிறார்கள். மாணவ உரிமம் வாங்க கிளாஸ் டூ போதும், டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் முடிந்துவிடும், உடனே ஃபிளையிங் ஸ்கூலில் முதல் தவணை கட்டச் சொல்வார்கள். ஆனால் உரிமம் வாங்க வேண்டியது கிளாஸ் ஒன். அதன் முதல் பரிசோதனை பெங்களூரில் விமானப்படை நடத்துகிற நிறுவனம் மாதிரியான மையங்களிலும் அங்கீகாரம் பெற்ற சில மருத்துவமனைகளிலும் மட்டும்தான் நடக்கும். கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்று நம் ஊரில் இன்னும் நம்புகிறார்கள், அது தவறு. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். நிற வேறுபாடு சரியாகத் தெரியாமல் இருப்பதுதான் பெரிய தடை, அது பிள்ளைக்கே தெரியாமல்கூட இருக்கலாம். அதனால் எந்த வழியில் போனாலும், ஒரு ரூபாய்கூடக் கல்விக் கட்டணமாகக் கட்டுவதற்கு முன்னால் கிளாஸ் ஒன் முடித்துவிடுங்கள். இரத்த அழுத்தம், எடை மாதிரி சரிசெய்யக்கூடிய காரணத்துக்காகத் தற்காலிகமாகத் தகுதியில்லை என்று சொன்னாலும், அப்போது கையில் நேரம் இருக்கும்.

சரி, முதல் வழி. இந்தியாவிலேயே ஃபிளையிங் ஸ்கூல். இதில் எனக்குப் பிடித்த விஷயம், எழுதுவதும் பறப்பதும் ஒரே விதியின் கீழ் நடக்கிறது, திரும்பி வந்து மாற்றிக்கொள்கிற வேலை கிடையாது. தாளில் தேறாவிட்டால் போவது தேர்வுக் கட்டணமும் சில மாதங்களும்தான். அரசு நடத்துகிற இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில், உத்தரப் பிரதேசத்து ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது, சேர்வதற்கே எழுத்துத் தேர்வு, நேர்காணல், திறனறி சோதனை என்று வைக்கிறார்கள். பணம் கட்டும் முன்பே பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும், அந்த வகையில் அது நியாயமான வாசல். பெரும்பாலான தனியார் பள்ளிகளில் அப்படி ஒரு கடுமையான வடிகட்டல் இருக்காது. பிளஸ் டூ மார்க்கும் பணமும் இருந்தால் சேர்ந்துவிடலாம்.

இந்த வழியின் சிக்கல் காத்திருப்பு. விமானம் பழுதில் நிற்கும், பயிற்றுநர் வேலை மாறிப் போவார், பனிமூட்டம், மழை, ஓடுதளம் கிடைக்காத நாள் என்று 200 மணி நேரம் இழுத்துக்கொண்டே போகும். எங்கள் சொந்தக்காரப் பையன் சேர்ந்த பள்ளியில் அவன் விடுதியில் படுத்திருந்த நாட்கள் பறந்த நாட்களைவிட மிக அதிகம். இது வெறும் சலிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, தேர்வையே பாதிக்கிறது. பகலில் 250 நாட்டிக்கல் மைல், இரவில் 120 நாட்டிக்கல் மைல் என்று தனித்தனியாக நடக்கிற குறுக்குப் பயணச் சோதனைகளும் பொதுப் பறத்தல் சோதனைகளும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கிற தேதியை ஒட்டி நடந்திருக்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருந்தால் முதலில் முடித்தது காலாவதியாகி, மறுபடியும் காசு கட்டிப் பறக்க நேரிடும். அதோடு விட்டு விட்டுப் பறந்தால் கை மறந்துவிடும். 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏ ஃபிளையிங் ஸ்கூல்களுக்குத் தரவரிசை வெளியிடுகிறது, முதல் பட்டியலில் மேல் தரங்களான ஏ பிளஸ்ஸும் ஏவும் எந்தப் பள்ளிக்கும் கிடைக்கவில்லை. சேரும் முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது பெற்றவர்களின் கடமை என்றே சொல்வேன்.

இரண்டாவது வழி, வெளிநாட்டில் பறந்துவிட்டு இங்கே வந்து உரிமத்தை மாற்றிக்கொள்வது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். அங்கே எழுத்துத் தேர்வு கணினியில், கொள்குறி வகையில், 70 சதவீதம், படித்தால் தேறிவிடலாம். அங்கத்திய பலம் செக்ரைட் என்கிற பறத்தல் தேர்வில் இருக்கிறது. பிரைவேட் பைலட், இன்ஸ்ட்ருமென்ட், கமர்ஷியல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பயிற்றுநர் அல்லாத வேறொரு தேர்வாளர் வந்து உட்கார்ந்து, முதலில் வாய்மொழியாகக் குடைந்து எடுத்துவிட்டு, அதில் திருப்தி வந்தால்தான் விமானத்தில் ஏறுவார். இன்று இந்த மேகமூட்டத்தில், இந்த எரிபொருளோடு நீ கிளம்புவாயா, ஏன்? இந்த மாதிரிக் கேள்விக்கு மனப்பாடம் உதவாது. எங்கள் வீட்டுப் பெண் முதல் செக்ரைடுக்கு முந்தைய இரவு போனில் அழுததும், முடித்த பிறகு அவள் பேசிய விதமே மாறியிருந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஐரோப்பிய முறை இதற்கு நேர் எதிர். ஏடிபிஎல் (ஏர்லைன் விமானி உரிமம்) தியரி என்று 13 தாள்கள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம், முதல் தாள் எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், ஒரு தாளுக்கு நான்கு வாய்ப்புதான். படிப்பில் ஆழம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு இது நல்லது, செலவும் கூடுதல்.

இந்த வழியில் பணம் மாட்டிக்கொள்கிற இடம் கடைசியில் இருக்கிறது. வெளிநாட்டு உரிமத்தோடு வந்து இறங்கிய பிறகு டிஜிசிஏவின் ரெகுலேஷன்ஸ் தாளும், நேவிகேஷனும் மெட்டியராலஜியும் சேர்ந்த காம்போசிட் தாளும், ஆர்டிஆரும், கிளாஸ் ஒன்னும் எஞ்சியிருக்கும். அதில் நிற்பவர்கள் எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டு நிற்கிறார்கள், வட்டி வேறு ஓடுகிறது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வரிசையை மாற்றிக்கொள்கிறார்கள்: டிஜிசிஏ தாள்களை இங்கேயே எழுதி முடித்துவிட்டு, பறப்பதற்கு மட்டும் வெளிநாடு போகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் ஏஜென்ட்கள் இதை வைத்துத்தான் ஆளை மடக்குகிறார்கள். அமெரிக்காவில் 1500 மணி நேரம் கேட்கிறார்கள், இங்கே வெறும் 200, ஆகவே அமெரிக்க உரிமம் உயர்ந்தது என்பார்கள். 1500 என்பது அங்கே ஏர்லைன் இருக்கையில் உட்காருவதற்கான கணக்கு. அங்கத்திய கமர்ஷியல் உரிமத்துக்கு 250 மணி நேரம், சில அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகளில் 190. நம் பிள்ளைகள் வாங்கி வருவது இந்த உரிமத்தைத்தான். அந்த 1500 விதியே 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு வந்த சட்டத்தின் விளைவு, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விமானத்தில் இருந்த இரண்டு விமானிகளுக்கும் 1500-க்கு மேல் மணி நேரம் ஏற்கெனவே இருந்தது. கேப்டன் முன்பு சில சோதனைகளில் தோற்றிருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. விமானம் வேகம் இழந்தபோது முன்னால் தள்ள வேண்டிய கட்டுப்பாட்டைப் பின்னால் இழுத்தார். மணிக் கணக்கு ஒருவரின் திறமையைச் சொல்லிவிடும் என்று நான் நம்பாததற்கு இதுதான் காரணம். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதும் எத்தனை மணி நேரம் என்று கேட்பதோடு, ஒரு சோதனையில் தோற்ற மாணவனுக்கு அடுத்து என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது வழி, ஏர்லைன்களே நடத்துகிற கேடட் திட்டம். இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டுக்கும் இருக்கிறது. மற்ற வழிகளில் கடைசியில் வருகிற வடிகட்டல் இதில் முதலிலேயே வந்துவிடும்: கணினியில் திறனறி சோதனை, கை கண் ஒத்திசைவு, ஒரே நேரத்தில் பல வேலை, குழு விவாதம், நேர்காணல், உளவியல் கேள்விகள். இதில் தேறாத பிள்ளை, பெரிய தொகை எதுவும் போகாமலேயே வீடு திரும்பிவிடும். தேறினால் தரைப்படிப்பு, பறத்தல், உரிமம், ஏ320 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் வரை ஒரே தொடராகப் போகும். அந்த ஏர்லைன் எப்படிப் பேசுகிறதோ, எப்படி செக்லிஸ்ட் படிக்கிறதோ, அப்படியே முதல் நாளிலிருந்து பழகிவிடுவார்கள். கட்டணம்தான் மூன்றிலும் அதிகம். வேலை தருகிறோம் என்கிற கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும்: இடையில் வருகிற கட்டச் சோதனைகளில் இத்தனை முறைக்கு மேல் தோற்றால் வெளியே, அதற்குள் கட்டியது திரும்பாது, ஏர்லைனுக்கு அப்போது ஆள் தேவை இருந்தால்தான் வேலை. ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டையோ படகையோ வைத்துக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் இந்த வழி வேண்டாம், இதை உறுதியாகவே சொல்கிறேன்.

வளைகுடாவைப் பற்றி நம் பக்கத்தில் நிறையக் கேட்பார்கள். ஷார்ஜாவில் ஏர் அரேபியாவோடு சேர்ந்து எம்பிஎல் படிப்பு நடக்கிறது. எம்பிஎல் என்பது ஒரு ஏர்லைனோடு கட்டிப் போட்ட உரிமம், சிமுலேட்டரின் (தரையில் இருந்தே பறத்தலைப் பழக்குகிற கருவி) பங்கு மிக அதிகம், உலக விதிப்படி சிமுலேட்டரையும் சேர்த்துக் குறைந்தது 240 மணி நேரம். அந்த ஏர்லைனில் இடம் இல்லை என்றாகிவிட்டால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு இந்தியாவில் வேலை தேடுவது கஷ்டம். குடும்பம் அங்கேயே குடியிருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

மூன்று வழியிலும் ஆங்கிலம் ஒரு தேர்வுதான். உலக அளவில் ஆறு நிலை வைத்திருக்கிறார்கள், நான்காவது நிலை இல்லாமல் சர்வதேசப் பறத்தல் கிடையாது, அதுவும் ஆயுளுக்கும் செல்லாது, ஆறாவது நிலை எட்டியவர்களைத் தவிர மற்றவர்கள் குறித்த காலத்துக்கு ஒரு முறை மறுபடியும் பேசிக் காட்ட வேண்டும். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல், பதில் பேசுவது என்று ஆறு அம்சம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானத்தில் இருந்தவர்களின் ஆங்கிலம் போதாமல் இருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, இந்த விதி பிறந்ததில் அந்த விபத்துக்குப் பங்கு உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளை பயப்பட வேண்டாம், வேண்டியது இலக்கிய ஆங்கிலம் இல்லை, எதிர்பாராத ஒன்றைத் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகினால் வந்துவிடும்.

அப்புறம் வேலை கிடைத்த பிறகு. இதை யாரும் பெற்றவர்களிடம் சொல்வதில்லை. ஏர்லைன் விமானி வருடத்துக்கு இரண்டு முறை சிமுலேட்டரில் திறன் சோதனைக்கு உட்கார வேண்டும், உலக விதி அது. ஓடுதளத்தில் இனி நிறுத்த முடியாது என்கிற வேகத்தில் ஓர் எஞ்சினை அணைத்துவிடுவார்கள், ஒற்றை எஞ்சினோடு இறங்கச் சொல்வார்கள், கடைசி நொடியில் மறுபடி மேலே எழச் சொல்வார்கள், திடீர்க் காற்று மாற்றம் வைப்பார்கள். தோற்றால் மறுபயிற்சி முடித்துத் தேறுகிற வரை பறக்க முடியாது. வருடா வருடம் நிஜப் பயணத்தில் ஒரு சோதனை, மருத்துவம், 90 நாளில் குறைந்தது மூன்று ஏற்றமும் இறக்கமும், இந்தியாவில் அன்றைய முதல் பயணத்துக்கு முன் மூச்சுச் சோதனை, அது தனி. 65 வயது வரை இப்படித்தான். ஒருமுறை தேறிவிட்டால் போதும் என்று நினைக்கிற பிள்ளைக்கு இந்த வேலை நரகமாகிவிடும். தவறை யாராவது சுட்டிக்காட்டினால் முகம் சுருங்காமல், சரி, அடுத்த முறை எப்படிச் செய்வது என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் இது பொருந்தும். பிள்ளையிடம் இந்தக் குணம் இருக்கிறதா என்று வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியும், ஏஜென்ட்டுக்குத் தெரியாது.

என் முடிவைச் சொல்கிறேன். கடற்கரையோரம் நடுத்தரக் குடும்பம், ஒரே பிள்ளைக்காக எல்லாவற்றையும் அடகு வைக்க முடியாது என்றால்: முதலில் கிளாஸ் ஒன், அடுத்து வீட்டிலிருந்தபடியே டிஜிசிஏ தாள்களும் ஆர்டிஆரும், பக்கத்தில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு. தாள்கள் முடிந்த பிறகுதான் எங்கே பறப்பது என்ற பேச்சே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கேடட் திறனறி சோதனையையும் ஒரு கை பார்த்துவிடலாம், கடன் தாங்குகிற குடும்பமாக இருந்து பிள்ளை தேறிவிட்டால் அதுவே நல்ல வழி. இல்லையென்றால் செக்ரைடுக்காகவே நான் வெளிநாட்டுப் பறத்தலை இரண்டாவதாக வைப்பேன். இந்தியப் பள்ளி மூன்றாவது, ஆனால் விமானங்கள் நிஜமாகவே ஓடுகிற, தரவரிசையில் முன்னால் நிற்கிற பள்ளி கிடைத்தால் அதை வெளிநாட்டுக்கு மேலே தூக்கி வைக்கத் தயங்க மாட்டேன், அரசு அகாடமியில் இடம் கிடைத்தாலும் அப்படியே. யாராவது தாள்களைத் தேற வைத்துத் தருகிறேன், மார்க் ஷீட் ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2011-இல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் கைதானார்கள்.

பள்ளிக்கு நேரில் போகும்போது அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வராமல் ஹேங்கர், அதாவது விமானம் நிறுத்துகிற கொட்டகை வரை போங்கள். இன்று பறக்கிற நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது, எத்தனை பயிற்றுநர், போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிமம் வாங்கிவிட்டார்கள் என்று அங்கே வெளியே நிற்கிற மாணவர்களிடமே கேளுங்கள், அவர்கள் மறைக்க மாட்டார்கள். பணத்தை மொத்தமாகக் கட்டாமல் பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்கிறார்களா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தேர்வு எழுத டிஜிசிஏவில் கம்ப்யூட்டர் நம்பர் என்கிற பதிவு எண் வாங்க வேண்டும், அதற்குப் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கல்வி வாரியத்திலிருந்து சரிபார்த்து வாங்க வேண்டியிருக்கும், அதற்கே நாளாகும். பையனோ பெண்ணோ இன்னும் முடிவு செய்யவில்லை என்றாலும் அந்த விண்ணப்பத்தை மட்டும் இந்த மாதமே போட்டு வையுங்கள்.